படுதா ஜீப்பும் மலையிறக்கமும்

கம்பத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிக் கம்பம்மெட்டைக் கடந்து, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நேயர்கள் பலர் அறிவர். 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்நாட்டிற்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை அவை.

படுதாவை ஈரத்தோடு மடித்து வைத்தலாகாது. பூஞ்சணம் பற்றித் துணி இற்றுவிடும். தையல் விட்ட இடத்தை மெழுகு நூலால் உடனே தைத்துவிட வேண்டும்.

படுதா ஒழுகினால் நனைவதோடு போயிற்று, பிரேக்கு அப்படியன்று. பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிக் கொடுப்பதால் மிதி தரைவரை இறங்கும், சக்கரமோ நில்லாது. ஆகவே எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. எந்தக் கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்குக. மிதி தளர்ந்தால், அதை விரைந்து பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும்.