வெள்ளைக்கல்லின் பிறப்பு

மாங்கனியாலும் எஃகாலும் பெயர் பெற்றது சேலம். அதன் வடபால், சேர்வராயன் மலையடிவாரத்தில், வெண்கீற்றுகள் ஓடும் குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றைச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக் குன்றுகள் என்றழைத்தனர். அப்பெயர் இன்றும் நிலவுகிறது. ஆயினும் அது பொருந்தாப் பெயரே.

சுண்ணக்கல் கால்சியம் கார்பனேட்டு ஆகும். இங்குள்ளோர் வெள்ளைக்கல் என வழங்கும் மாக்னசைட்டோ மெக்னீசியம் கார்பனேட்டு. நீர்த்த அமிலம் ஒரு துளி பட்டால் சுண்ணக்கல் நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் அமிலத்தைச் சூடாக்கினாலன்றிப் பெரிதும் நுரைப்பதில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் என்பார் 1896ஆம் ஆண்டிலேயே இக்குன்றுகளைப் பற்றி எழுதியுள்ளார்.

இக்கல் தாய்ப்பாறையுடன் பிறந்ததன்று. பின்னர் அதனின்று விளைந்தது. ஆதலின் இதனை இரண்டாம் நிலைக் கனிமம் என்பர். தாய்ப்பாறையின் பெயர் டியூனைட். அதில் மிகுந்திருப்பது ஆலிவின் என்னும் மெக்னீசியம் சிலிகேட்டு. அப்பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்தது. மென்மையான அமிலத் தன்மை கொண்ட அந்நீர் ஆலிவினைச் சிதைத்தது. பிரிந்த மெக்னீசியம் கரியமில வாயுவோடு கூடி வெள்ளைக்கல்லாய்ப் படிந்தது. எஞ்சிய சிலிக்கா கால்சிடனி போன்ற கற்களாயிற்று. கரும்பாறையில் வலை பின்னினாற்போல் வெண்கோடுகள் காணப்படுவது இதனாலேயே.

சூளையில் சுட்டால் இக்கல் மெக்னீசியம் ஆக்சைடாகிறது. அது ஏறத்தாழ 2,800 பாகை செல்சியசில்தான் உருகும். எனவே எஃகு உலைகளின் உட்சுவர்க்குரிய செங்கற்கள் செய்ய உதவுகிறது. ஆனால் தூய கல் 100 கிலோவைச் சுட்டால் ஏறத்தாழ 52 கிலோ கரியமில வாயு வெளியேறும். நெடுங்காலம் கல்லுள் அடங்கியிருந்த வாயு, சூளையில் சில மணி நேரத்தில் காற்றில் கலந்துவிடுகிறது.

இன்று உலகம் இதற்கு நேர்மாறான வழியைத் தேடுகிறது. ஐஸ்லாந்தில் 2012இல் கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட்டுப் பாறைக்குள் செலுத்தினர். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஈராண்டுக்குள் கல்லாயிற்று என 2016இல் ஆய்வாளர் அறிவித்தனர். நம் குன்றுகளில் இயற்கை தானே செய்து முடித்த செயலுக்கு இஃது இனமானதே.

எஃகு வேண்டுமெனில் இக்கல்லும் வேண்டும். ஆயினும் வீண்விரயம் தகாது. இறைவன் எப்பொருளையும் அளவோடு படைத்தான் என நம்பும் நாம், எடுப்பதிலும் அளவு காத்தல் கடனாகும்.