நித்திரையும் ஆண்மையும்

ஆண்மை குன்றியதென்று ஐயுறுவோர் நம்மவருள் முதலில் நாடுவது லேகியத்தை. வைத்தியரை நாடுவோர் சிலரே. தம் நித்திரையைப் பற்றி எண்ணிப் பார்ப்போரோ அரியர். கூச்சம் பொல்லாதது, அது பல இல்லறங்களில் வீண் மனத்தாங்கலை விளைத்திருக்கின்றது. ஆதலின் இப்பொருளை ஒளிவின்றி எழுதத் துணிந்தோம்.

பெரகலைச் சந்தியைக் கடந்து அப்புத்தளை மலையேறுவோர்க்குத் தேயிலைத் தொழிற்சாலை புதியதன்று. பறித்த கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக வாடவேண்டும். அதன் பின்னரே உருட்டும் யந்திரம் ஓடும். ஆகவே அங்கே பலர்க்கு இரவே வேலைப் பொழுது. விடிந்தபின் லயத்து அறையிலே படுத்தால், தகரக் கூரையின் வெப்பமும் பிள்ளைகளின் ஆரவாரமும் உறங்கவிடா.

இதற்கும் ஆண்மைக்கும் என்ன தொடர்பு? தெஸ்தொஸ்தரோன் என்னும் ஆண் ஓமோன் நித்திரையின்போதே மிகுதியாகச் சுரந்து, விடியற்காலையில் உச்சமடைகின்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் நலமுள்ள இளைஞர் 10 பேரை ஒரு வாரம் நாளொன்றுக்கு 5 மணி நேரமே உறங்கச்செய்து ஆராய்ந்தனர். பகற்பொழுதில் அவ்வோமோன் 10 முதல் 15 வீதம் வரை குறைந்ததென 2011இல் வெளியிட்டனர். பத்துப் பேரைக்கொண்டு உலகை அளத்தல் கூடாதுதான். எனினும் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

இதனினும் கொடியது உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைக்க, பத்து விநாடிக்கு மேலாக மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். உடல் திடுக்குற்று விழிக்கும். கடுமையான நோயாளிக்கு இது மணிக்கு முப்பது முறைக்கு மேலும் நிகழும். காலப்போக்கில் இரத்தக் குழாய்களின் உட்படை பழுதுற, குறி விறைப்படைதல் தளரும். குறட்டை விடுவோர் யாவரும் இந்நோயாளர் அல்லர். ஆயினும் குறட்டை இடையில் நின்று, மூச்சுத் திணறலோடு மீண்டும் எழுமாயின் ஐயுறவேண்டும். இதனை அறிந்தவர் பெரும்பாலும் மனைவியே. நோயாளிக்கோ பகற்சோர்வன்றி வேறொன்றும் தெரியாது. மது இதனை மிகுவிக்கும், உடற்பருமனும் அவ்வாறே.

பரிகாரம் உண்டு. 1981இல் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன் என்னும் வைத்தியர், மூக்குவழி காற்றழுத்தம் செலுத்தும் கருவியை அறிமுகப்படுத்தினார். அதனைப் பயன்படுத்துவோருள் பலர்க்கு ஆண்மையும் சீரடைகின்றது, எல்லோர்க்குமன்று. எவரையும் கேளாது ஆண் ஓமோன் ஊசி ஏற்றுவது பெருந் தவறு. அது மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடும். விந்தணு உற்பத்தியையும் ஒடுக்கும். பிள்ளைப்பேற்றை விரும்பி அதனைப் போட்டுக்கொள்வோரின் நிலை இரங்கத்தக்கது.

விறைப்புத் தளர்ச்சி சிலவேளை நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பாகவும் இருக்கும். அவற்றையும் சோதிப்பித்தல் நன்று. ஓமோன் அளவைக் காலை 10 மணிக்கு முன்னர் எடுத்த இரத்தத்தில் பார்ப்பதே வழக்கம். இரவு வேலை செய்வோர் தாம் உறங்கி எழும் நேரத்தை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கூறாவிடின், அவர்தம் அளவு பிழையாக விளங்கிக்கொள்ளப்படலாம்.