கற்பிட்டி மணலில் வீட்டுத்தோட்டம்

குளிர் நாடுகளில் தோட்டக்காரர் பனி உருகும்வரை காத்திருப்பார். உலர் வலயத்திலுள்ள புத்தளம் கரையோரத்தவர் காத்திருப்பது மழைக்கே. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கு கூடிய மழை கிடைக்கின்றது. அதை நம்பியே பெரும்போகத்தில் கத்தரி, மிளகாய், பயற்றை என்பன செய்கை பண்ணப்படுகின்றன. ஏப்ரல் மழை குறுகியது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று இக்கரைக்கு மழையன்றி வறட்சியையே தரும். அப்போது பாத்திகளுக்குக் கிடுகு வேலி காவல், கிணறே துணை.

அக்கிணற்று நீர் எத்தகையது? கற்பிட்டிக் குடாநாட்டில் மழைநீர் மணலூடாக வடிந்து, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும்.

மணல் மண் பசளையையும் பிடித்துவைப்பதில்லை. ஒரேயடியாக இடும் யூரியாவின் பெரும்பங்கு நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரைச் சேரும். குடிப்பதும் அதே நீரைத்தான்! குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. கற்பிட்டியில் பயிர்ச்செய்கை செறிந்த இடங்களின் பல கிணறுகள் அதனைத் தாண்டியிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறையும். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

ஆகவே கூட்டெருவும் சீமைக்கிளுவை இலையும் இட்டு, இரசாயனப் பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுவதே பொருத்தம். காய்ந்த இலைகளால் பாத்தியை மூடினால் ஈரம் நிற்கும்.

மாணவர் கவனிக்க: “மணல் மண் வளமற்றது” என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுறாது. நீர் வடிதல், பசளை கழுவப்படல், நிலத்தடி நீர் மாசடைதல் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக.