கம்பிக்கு அந்தப் பக்கம் – 11: எல்லாம் ஒரே சுவிட்சில்

சென்ற வாரம் இடி மின்னலைப் பற்றியும், எங்கள் பக்கத்துச் செம்பூராங்கல் மண்ணில் கோடை வந்தால் எர்த் நிற்காமல் போவதைப் பற்றியும் எழுதியிருந்தேன். இடி விழுந்து சுவிட்ச் கருகினால் யாரும் என்னைக் கோபிப்பதில்லை. வானத்தைப் பார்த்துவிட்டுப் புதிது வாங்கக் காசு கொடுத்துவிடுவார்கள். மனிதர் கையால் நிற்கும் நெட்வொர்க்குக்குத்தான் என்னிடம் பதில் கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பதில் சொல்வதுதான் என் வேலை. ஆனால் எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும்போது என்னைக் கூப்பிடுவதில்லை, அது நின்றபிறகுதான் கூப்பிடுகிறார்கள். என் தொழிலில் இருக்கிற எல்லோரும் சுமக்கிற குறை இது. இந்த வாரம் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

வலையபட்டியில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் ஒன்று பழைய வளவு வீட்டில் நடக்கிறது. காரைக்குடியில் வாடகை கட்டுப்படியாகாமல், பூட்டிக் கிடந்த சொந்த வீட்டைத் திறந்து அலுவலகமாக்கிக்கொண்டார்கள். முகப்பை ஒட்டிய அறையில் கணக்குப் பிரிவு. இரண்டாம் கட்டில் ஆர்டர் எடுக்கும் பெண்கள். நடுவில் வளவை ஒட்டிய அறையில் முதலாளியின் தாயார், ஆச்சி, தனியாக இருக்கிறார்.

ஊருக்கு நெட் வருவதில் இப்போது குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் வேலை ஒருபக்கம், தனியார் நிறுவனங்கள் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த ஃபைபர் இன்னொரு பக்கம். வாசல்வரை வந்துவிட்டது. சிக்கல் நிலைப்படிக்கு உள்ளேதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்களில் வைஃபை ஒன்றைத் தாண்டினாலே பெரிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையாவது தட்டுத்தடுமாறி அடுத்த அறைக்குப் போகும்; வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கேயே அடங்கிவிடும். போதாததற்குப் பட்டாலையில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடிகள். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அலையை வந்த வழியே திருப்பிவிடும். முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டுக்கு எட்டவே எட்டாது.

இதற்கு ஒரே வழி கம்பிதான். செப்புக் கம்பியில் 100 மீட்டர் வரை போகலாம் என்பது தரநிலை. அந்த வீட்டின் நீளத்துக்கு அது போதும். ஆனால் இரண்டு சுவர்களில் துளை போட வேண்டும். ஆச்சி சம்மதிக்கவில்லை.

"சுவத்துல கை வைக்காதீக தம்பி. இது எங்க பங்கு மட்டும் இல்ல. மெட்ராஸ்ல இருக்கவுகளுக்கும் சிங்கப்பூர்ல இருக்கவுகளுக்கும் இதுல பங்கிருக்கு. படைப்புக்கு எல்லாரும் வாரப்ப என்னையத்தானே கேப்பாக?"

ஆச்சி சொன்னது முழு நியாயம். முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. ஒருமுறை பெயர்ந்தால் அதே வழவழப்பில் திரும்பப் பூசுகிற கொத்தனார்கள் இன்று விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். பங்காளிகள் எல்லோருக்கும் எழுதிக் கேட்கலாம் என்றார் முதலாளி. எழுதினாரா, பதில் வந்ததா, எனக்குச் சொல்லப்படவில்லை. இரண்டாம் கட்டுப் பெண்கள் செல்போன் நெட்டை வைத்தே வேலையை ஓட்டினார்கள்.

பிறகு ஒரு மாதம் 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது: "சார், நெட் வரல."

எத்தனை பேருக்கு வரவில்லை என்று கேட்டேன். ஒருவருக்கு என்றார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன்; சரியாகவில்லை. சற்று நேரத்தில் இரண்டு பேருக்கு, அப்புறம் நான்கு பேருக்கு. வேலை செய்துகொண்டிருந்தவர்களும் முன்னெச்சரிக்கையாக ஒருமுறை அணைத்துப் போட, அவர்களுக்கும் போய்விட்டது. லைன்காரர் வந்து பெட்டியைப் பார்த்து, "எங்க பக்கம் சிக்னல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மை.

நடந்தது இதுதான். இரண்டாம் கட்டில் வேலை செய்யும் பெண் ஒருவர், வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்திருக்கிறார். காமிராவுக்காகத் தாழ்வாரத்து ஓரமாக இழுத்திருந்த கம்பி அவர் மேசைப் பக்கம் போகிறது. அதன் முனையில் அந்த ரவுட்டரைச் செருகிவிட்டார். அவர் செல்போனில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றன. கணக்குப் பிரிவு விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் உயிர்பெறும்போது, "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று அந்த நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கேட்கும். டி.எச்.சி.பி. என்கிற இந்த முறை 1993-இல் தரநிலையாக வந்தது. கேட்கிற கம்ப்யூட்டர், பதில் சொல்வது யார் என்று சரிபார்ப்பதில்லை. முதலில் பதில் தருபவரை நம்பிவிடும். அலுவலக ரவுட்டரும் பதில் சொன்னது, வீட்டிலிருந்து வந்த ரவுட்டரும் பதில் சொன்னது. இரண்டாவதை நம்பியவை எல்லாம் வெளியே போகும் வழி தெரியாமல் நின்றுவிட்டன. ஏற்கெனவே முகவரி வாங்கியவை அதன் தவணை முடியும்வரை நன்றாகவே ஓடும். அணைத்துப் போட்டால் புதிதாகக் கேட்கும், கேட்டால் மாட்டும். எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியமே இங்கே நோயைப் பரப்பியது.

கண்டுபிடிக்க நேரில் போனேன். நெட் வராத கம்ப்யூட்டரில் முகவரி கொடுத்தது யார் என்று பார்த்தால் எனக்குப் பழக்கமில்லாத எண். அங்கே இருந்தது நிர்வகிக்க முடியாத சாதாரண சுவிட்ச். எந்தத் துளையின் பின்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன். போலிப் பதில்களைத் தடுக்கும் வசதி கொண்ட சுவிட்ச் இருக்கிறது. அது வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். "இப்ப என்ன அவசரம்?" என்று அந்தத் தாள் திரும்பி வந்திருந்தது.

அந்தப் பெண்ணை முதலாளி கடிந்துகொண்டார். நான் அதை ஏற்கவில்லை, அவர் முன்னாலேயே சொன்னேன். வேலை செய்ய நெட் வேண்டும் என்று அந்தப் பெண் பலமுறை கேட்டார். கிடைக்கவில்லை. தன் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து அலுவலக வேலையைச் செய்யப் பார்த்தார். குற்றம் அவருடையது அல்ல. கம்பி போடலாமா கூடாதா என்று ஒருவரும் முடிவு சொல்லாமல் காலம் கடத்தினால், யாரோ ஒருவர் தானே முடிவெடுத்துவிடுவார். அந்த முடிவு எப்போதும் நெட்வொர்க்குக்கு ஆகாததாகத்தான் இருக்கும்.

அன்று சுவிட்சைத் தடவிக்கொண்டு போனபோது இன்னொன்றும் தெரிந்தது. கணக்குக் கம்ப்யூட்டர்கள், வருகைப் பதிவு விரல்ரேகைக் கருவி, காமிராப் பெட்டி எல்லாம் அதே சுவிட்சில். காமிராவை மாட்டியது வேறு ஆள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தாயாரைப் போனில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாட்டியவர் வெளியிலிருந்து நேரே காமிராப் பெட்டிக்கு வரும்படி ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். பாஸ்வேர்ட் தொழிற்சாலையில் வைத்தது, மாற்றவே இல்லை. பெரிய வீடுகளில் முதியவர் ஒருவர் மட்டும் இருக்கும் ஊர்கள் எங்களுடையவை. மகன் கேட்டதில் ஒரு தவறும் இல்லை, எந்த மகனும் கேட்பான். ஆனால் அந்தத் திறந்த வழியில் வருகிறவன் காமிராவோடு நிற்க மாட்டான். அடுத்த துளையில் கணக்கு இருக்கிறது.

2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகள் 60-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் அதன் கையிருப்பு. அவற்றை ஒவ்வொன்றாக முயன்று உலகெங்கும் காமிராப் பெட்டிகளையும் வீட்டு ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் பெட்டிகளே, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமெரிக்காவின் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அங்கே பலருக்குப் பல மணி நேரம் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் இதைவிடக் கசப்பான பாடம் உண்டு. 2022 நவம்பர் 23 காலை, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. பதிவு, பரிசோதனை முடிவு, கட்டணம் எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. தொலைதூரத்திலிருந்து ரயிலேறி வந்த நோயாளிகள் கையெழுத்துச் சீட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். 5 சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று பிறகு நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. காரணத்தையும் சொன்னது: நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆற்றாமை இன்னும் குறையவில்லை. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் நடந்தது, எங்கள் ஊர் வளவு வீட்டில் நான் பார்த்ததுதான். சம்பவம் நடந்த சில நாட்களில் இரண்டு சிஸ்டம் அனலிஸ்டுகள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்கள் கடமை தவறினார்களா என்பது விசாரணை சொல்ல வேண்டியது. நான் கேட்பது வேறு. அவ்வளவு பெரிய நெட்வொர்க்கைப் பிரிப்பது இரண்டு பேர் ஒரு ராத்திரி உட்கார்ந்து செய்கிற வேலையா? அதற்குக் கோப்பு நகர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஒவ்வொரு துறையும் தன் கம்ப்யூட்டர்களைச் சில மணி நேரம் நிறுத்தச் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களில் யாரையாவது கேள்வி கேட்டார்களா?

எய்ம்ஸில் காப்பாற்றியது ஒன்று உண்டு. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரில், மருத்துவமனை மென்பொருளான இ-ஹாஸ்பிடலின் தரவு இருந்தது. அதிலிருந்துதான் புதிய சர்வர்களுக்கு மீட்டார்கள், இரண்டு வாரம் பிடித்தது. தனியே ஒதுக்கி வைத்த ஒரு பிரதிக்காக யாரோ ஒருவர் என்றோ வாதாடி வாங்கியிருப்பார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

பேக்கப்புக்கு மட்டும் எங்கள் ஊர் முதலாளிகளிடம் நான் அதிகம் வாதாட வேண்டியிருப்பதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த பாட்டன்மாரின் ஏஜெண்டுகள், அங்கத்திய கணக்கைத் தவணை தவறாமல் ஊருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கடல் கடந்த கடையின் ஐந்தொகை இங்கே பெட்டகத்தில் இருக்கும். "கணக்கு ரெண்டு இடத்துல இருக்கணும், அதுல ஒண்ணு கடையில இருக்கப்படாது" என்று ஆச்சியே மகனிடம் சொன்னார். அன்றே வெளி டிஸ்க் வாங்கப் பணம் வந்தது. வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைக்கிறோம். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் வைப்பதில்லை.

சட்டம் கேட்பதும் சிறிதல்ல. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவுப்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் அரசு வைத்திருக்கும் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். நான் இந்த உத்தரவை ஆதரிக்கிறேன். குறிப்பாகக் கடிகாரத்தை. காமிராப் பெட்டி ஒரு நேரம் காட்டி, கணக்குக் கம்ப்யூட்டர் வேறு நேரம் காட்டினால் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் இரண்டுக்கும் நடுவே கால்மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஆனால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டியவன், பத்து அலுவலகத்தைப் பஸ்ஸில் சுற்றும் என் போன்ற ஒரு ஆள். கேட்ட சுவிட்சை வாங்கித் தராதவர்கள் மேல் அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை.

அந்த 20-ஆம் தேதிக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. முதலாளி பங்காளிகளைத் தொலைபேசியில் ஒன்றாகச் சேர்த்துப் பேசினார். துளை போட வேண்டாம் என்றே முடிவானது. வளவின் மழைநீர்க் குழாயை ஒட்டி, கூரையோரமாகக் கம்பியை மேலே ஏற்றி இரண்டாம் கட்டில் இறக்கினோம். வெளியே போகும் பகுதிக்கு ஃபைபர் போட்டேன், கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. வேண்டாம் என்ற முடிவும் எனக்குப் போதுமானதாகவே இருந்தது. அது தெரிந்ததும் வேறு வழி தேட முடிந்தது. புது சுவிட்சும் வந்தது. காமிரா இப்போது தனிப் பிரிவில் இருக்கிறது, வெளியே திறந்திருந்த வழியை மூடிவிட்டேன். சிங்கப்பூர் மகன் பாதுகாப்பான இணைப்பு வழியாக ஆச்சியைப் பார்க்கிறார். முதல்முறை அதைப் போனில் அமைக்க அவருக்குச் சிரமமாக இருந்தது, பொறுமையாகச் செய்தார்.

புதிதாக எதைச் செருகினாலும் முன்கூட்டி என்னிடம் சொல்ல வேண்டும், சொல்லாமல் செருகியதைக் கழற்ற எனக்கு உரிமை உண்டு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் பாதிக்கு முதலாளி கையெழுத்திட்டார். கழற்றும் உரிமையை மட்டும் அடித்துவிட்டார், "என்னையக் கேட்டுட்டுக் கழட்டுங்க" என்றார். விரல்ரேகைக் கருவி இன்னும் கணக்குப் பிரிவின் சுவிட்சிலேயே இருக்கிறது. விற்ற நிறுவனத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும்வரை அதன் கம்பியைத் தொடக்கூடாதாம். ஒப்பந்தம் மார்ச் மாதம் முடிகிறது. அன்றைக்குக் கழற்ற அனுமதி கேட்டு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.