அரிசியா, சோறா?

ஊரிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த நம் பாட்டிமார் சிலர், பெட்டியின் அடியில் ஒரு பித்தளைப் படியையும் வைத்துக்கொண்டே இரயில் ஏறினர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அவர்களுடைய அடுக்களைக் கணக்கு இவ்வளவே. பம்பாய்க் கடைகளிலோ அரிசியைச் சேர்க் கணக்கில் கொடுத்தார்கள். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. ஆயினும் நம் இல்லங்களில் அரிசியை இன்றும் டம்ளரால்தான் அளக்கிறோம். கடையில் நிறுத்து வாங்குகிறோம். இலையில் கரண்டியால் பரிமாறுகிறோம். ஒரே உணவுக்கு மூன்று கணக்குகள்!

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். வடாலாவில் நாம் அறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்த மூதாட்டி ஒருவருக்கு, மருத்துவர் எழுதிய உணவுக் குறிப்பில், நண்பகலில் ‘ரைஸ் 100 கிராம்’ என்றிருந்தது. மருமகள் பொறுப்புடன் 100 கிராம் சோற்றை நிறுத்து இட்டார். சில நாட்களில் மூதாட்டிக்கு மாலை வேளைகளில் வியர்வையும் நடுக்கமும் கண்டன. இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. மருத்துவர் கருதியது 100 கிராம் அரிசி என்பது பின்னரே விளங்கிற்று.

நெல், அரிசி, சோறு என மூன்று நிலைக்கும் தனித்தனிச் சொல் உடையது நம் தமிழ். மராத்தியர் அரிசியைத் ‘தாந்தூள்’ என்றும், சோற்றைப் ‘பாத்’ என்றும் பிரித்தே கூறுவர். ஆங்கிலத்தின் ‘ரைஸ்’, இந்தியின் ‘சாவல்’ ஆகிய சொற்களோ அரிசிக்கும் சோற்றுக்கும் பொதுவானவை. பிழை பிறந்த இடம் இதுவே.

வேறுபாடு சிறியதன்று. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 80 கிராம்; 100 கிராம் சோற்றிலோ சுமார் 28 கிராம்தான். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர்.

இனி அளவைக் காண்போம். 200 மில்லி லிட்டர் டம்ளர் ஒன்றில் தலை தட்டி அளந்த அரிசி 160 முதல் 170 கிராம் வரை நிற்கும். அது வெந்தால் சுமார் மூன்று டம்ளர் சோறாகும். எடை 400 முதல் 450 கிராம். ஆகவே ஒரு டம்ளர் சோறு, அழுத்தாமல் அளந்தால், ஏறக்குறைய 130 முதல் 150 கிராம் எனக் கொள்ளலாம்.

எனினும் இக்கணக்கு எல்லா வீட்டிற்கும் ஒன்றாக இராது. பழைய அரிசி கூடுதலாக நீர் வாங்கும். கஞ்சி வடித்த சோறு வேறு. குக்கரில் நீர் சுண்ட வெந்த சோறு வேறு. குழைந்த சோறு டம்ளரில் நெருங்கி அமரும். உதிரிச் சோறு இடைவெளி விட்டு நிற்கும். ஆதலின் முகத்தலைவிட நிறுத்தலே நம்பத்தக்கது.

நம் வீட்டுக் கணக்கை நாமே காணும் வழி எளிது. வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக் குறித்துக்கொள்க. 300 கிராம் அரிசியை வழக்கம்போல் சமைத்து, ஆவி அடங்கியபின் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழித்திடுக. சோறு 810 கிராம் எனில், அதனை 300 ஆல் வகுக்க 2.7 வரும். இதுவே உங்கள் அடுக்களையின் எண். சோற்றின் எடையை இவ்வெண்ணால் வகுத்தால் அரிசி. அரிசியின் எடையை இதனால் பெருக்கினால் சோறு. 150 கிராம் சோறு என்பது சுமார் 55 கிராம் அரிசி. விருந்திற்கு 15 கிலோ அரிசி உலையேற்றினால் நாற்பது கிலோச் சோற்றுக்குப் பாத்திரம் வேண்டும் என்பதையும் இவ்வெண்ணே உணர்த்தும். அரிசி மாறினால் எண்ணையும் மீண்டும் காண்க.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. உணவுக் குறிப்பை வாங்கும்போதே, “அரிசியா, சோறா?” என்று மருத்துவரிடம் கேட்டு, விடையை அக்குறிப்பிலேயே தமிழில் எழுதி வைப்போம். கேட்பதில் நாணம் வேண்டா. அம்மூதாட்டி இன்று நலமாக இருக்கிறார். மருமகளின் அடுக்களைச் சுவரில், நாட்காட்டிக்கு அருகே, 2.7 என்னும் எண் எழுதப்பட்டுள்ளது.