நன்னீர் இறால்களில் இனப்பெருக்கத் தடைகள்

இனப்பெருக்கத் தடை என்பது நெருங்கிய உறவுடைய இரு இனங்கள் கலந்து வளமான சந்ததியை உருவாக்காமல் தடுக்கும் இயல்புகளின் தொகுப்பு ஆகும். சிதம்பரத்திற்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தில் வாழும் ஆற்று இறாலான மாக்ரோபிராக்கியம் மால்கம்சோனீயும், பண்ணைகளில் பெரிதும் வளர்க்கப்படும் மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கீயும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

== தடைகள் ==

'''கலவிக்கு முன்:''' பெண் இறால் ஓட்டைக் கழற்றி உடல் மென்மையாக இருக்கும் சில மணி நேரத்திலேயே கலவி நிகழும். ஆண் விந்துப்பொதியைப் பெண்ணின் மார்பின் அடிப்புறத்தில் ஒட்டுகிறது. ஆகவே வாழிடம், பருவம், உடல் அளவு, துணையை அறியும் முறை ஆகியவற்றில் எது வேறுபட்டாலும் கலவி தவறக்கூடும்.

'''கலவிக்குப் பின்:''' முட்டைகள் வெளியேறும்போது உடலுக்கு வெளியே கருவுறுகின்றன. விந்து பொருந்தாவிடில் முட்டைகள் கருவுறா. அத்தகைய முட்டைகள் நீந்துகால்களிலிருந்து சில நாட்களில் உதிர்ந்துவிடும். கருவுற்றாலும் கலப்பினக் குஞ்சு நலிந்தோ மலடாகவோ இருக்கலாம்.

== தோற்றம் ==

ரோசன்பெர்கீ, மால்கம்சோனீ ஆகிய இரண்டின் இளவுயிரிகளும் வளர உவர்நீர் வேண்டும். ரோசன்பெர்கீயின் இளவுயிரி 11 நிலைகளைக் கடக்கிறது. ஆனால் இப்பேரினத்தின் சில இனங்கள் பெரிய முட்டைகளை இட்டு, நன்னீரிலேயே வளர்ச்சியை முடிக்கின்றன. அவை கழிமுகத்திற்கு வரத் தேவையில்லை. இவ்வாறு பிரிந்த கூட்டங்களில் மரபு மாற்றங்கள் தனித்தனியே சேர்கின்றன. தடை அவற்றின் பக்கவிளைவாக எழுகிறது. பின்னர் அவை மீண்டும் சந்தித்தால், வீணாகும் முட்டைகளே இயற்கைத் தேர்வுக்குக் காரணமாகின்றன. தன் இனத்துணையைச் சரியாகத் தேர்ந்த பெண்ணுக்கே குஞ்சுகள் மிகும். இது வலுவூட்டல் எனப்படும்.

== முக்கியத்துவம் ==

இத்தடைகளுள் எதுவும் தனியே முழுமையானதன்று. குஞ்சுப் பொரிப்பகத்தில் வாழிடமும் பருவமும் விலக்கப்படுகின்றன. துணைத் தேர்வும் பெரும்பாலும் மனிதருடையதாகிறது. 1982இல் வெளியான இந்திய ஆய்வொன்று ரோசன்பெர்கீக்கும் மால்கம்சோனீக்கும் இடையிலான கலப்பைப் பதிவு செய்தது. எனவே இயற்கையில் இவற்றைப் பிரித்து வைப்பதில் முன்னிலைத் தடைகளுக்குப் பெரும் பங்குண்டு எனக் கருதலாம்.

கொள்ளிடத்தில் 1836இல் கட்டப்பட்ட அணைக்கரை கீழணை போன்ற தடுப்புகள், கழிமுகத்திற்கு இறங்கும் பெண் இறாலையும் மேலேறும் குஞ்சுகளையும் மறிக்கின்றன. உள்ளூர் இனம் அருகி, பண்ணை இறால் ஆற்றில் கலந்தால், துணை கிடைக்காத நிலையே ஒரு தடையைத் தளர்த்திவிடும். பண்ணைக் குளத்தின் வெளிப்போக்கில் வலையிடுவது எளிய முன்னெச்சரிக்கையாகும்.