சுழலும் தட்டில் பார்வேட்டை

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வருகிறார். வழி நெடுக ஊர் ஊராக மண்டகப்படி. மலைமேல் லட்சுமி நரசிம்மர் சந்நிதி இருக்கும் இடத்துக்கு எழுந்தருளி, பொழுது சாயும்போது பாலாற்றைக் கடந்து அக்கரைத் திருமுக்கூடலுக்குப் போகிறார். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் அந்த இடத்தில் சுற்று வட்டாரப் பெருமாள்களும் வந்து சேர்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள்தான். ஆற்றைக் கடக்கும் காட்சி பதிவாகாமல் போனால் மறுபடி கடந்து காட்டச் சொல்ல முடியாது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரமும் அப்படித்தான். திரும்ப எடுக்க முடியாததை எடுப்பதே வீடியோகாரர்களின் தொழில். அந்தப் பதிவு கடைசியில் போய் உட்கார்வதோ உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டிக்குள். எடிட் செய்பவர்கள் ஒருவரையொருவர் விடாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை நம்பி வாங்கலாம் என்பது. அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கத் தோன்றும்.

முதலில் அளவு. இன்றைய சாதாரண 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 45 ஜி.பி. ஆகிறது. மூன்று கேமராவை ஆறு மணி நேரம் ஓட விட்டால் 810 ஜி.பி. ஒரே நாள் திருவிழாவுக்கு இவ்வளவு. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. எல்லாவற்றிலும் சேர்த்துக் கொண்டது சுமார் 5 எம்.பி. நம் கேமராவின் அரை நொடிக்கும் குறைவான காட்சி அது.

இன்றைய ஹார்ட் டிஸ்க்கிலும் அடிப்படை அதேதான். காந்தப் பூச்சு பூசிய தட்டு சுழல்கிறது. ஒரு கையின் நுனியில் இருக்கும் ஹெட், பூச்சிலுள்ள நுண்துகள்களின் காந்தத் திசையை மாற்றி எழுதுகிறது, பிறகு அந்தத் திசையை உணர்ந்து படிக்கிறது. மேசையில் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். தட்டின் வெளி விளிம்பு அப்போது மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் தட்டோடு இழுபட்டு வரும் காற்றின் மெல்லிய படலம் ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. படிக்கும்போதும் எழுதும்போதும் ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். புகையின் ஒரு துகள்கூட அந்த இடுக்கில் நுழைய முடியாது. வழியில் சிக்கினால் தட்டு கீறும்.

ஹெட்டைத் தாங்குவது காற்று என்பதால், காற்று மெலிந்த இடத்தில் இந்த ஏற்பாடு தடுமாறும். பல டிஸ்க்குகள் இயங்குவதற்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் உயர வரம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர். லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது. லடாக்கில் படமெடுக்கப் போகிறவர்கள் சுழலும் டிஸ்க்கைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி பிட்டுகள் பதிகின்றன. அவ்வளவு சின்னக் காந்தப் புள்ளியைப் படிக்க முடிவதற்குக் காரணம் 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த ஒரு விளைவு. அணுக்கள் சில அடுக்கே கொண்ட உலோகப் படலங்களில், காந்தத் திசை மாறினால் மின்தடை எதிர்பாராத அளவு மாறுகிறது. 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. கல்யாண ஆல்பத்தோடு கைமாறும் ஹார்ட் டிஸ்க்குகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை.

இங்கேதான் எடிட்டருக்கு மிக முக்கியமான, பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடாத விஷயம் வருகிறது. படிக்கும் ஹெட்டைக் குறுக்க முடிந்த அளவுக்கு எழுதும் ஹெட்டைக் குறுக்க முடியவில்லை. அகலமாக எழுதினாலும் குறுகலான கீற்றைப் படித்தால் போதும் என்பதால், ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் முறை வந்தது. கூரையில் ஓடு வேய்வது போல, ஒன்றின் விளிம்பை அடுத்தது மூடிக்கொண்டு போகும். எஸ்.எம்.ஆர். என்று பெயர். அதே தட்டில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கிறது. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற, அதன்மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் கழற்றி மீண்டும் அடுக்க வேண்டும். டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. புது டிஸ்க்கில் வரிசையாகக் காப்பி செய்யும்போது எந்தத் தொல்லையும் தெரியாது. பாதி நிறைந்தபின், பழைய ப்ராஜெக்ட்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும்போது வேகம் திடீரென்று படுத்துவிடும். டிஸ்க் கெட்டுப்போயிற்று என்று நினைப்பார்கள். கெடவில்லை, உள்ளே ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறது. 2020இல் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா மூன்றுமே சில மாடல்களில் இந்த முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. பையில் போட்டுக்கொள்ளும் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரிய கொள்ளளவுள்ளவை இன்று பெரும்பாலும் இந்த வகைதான். முடித்த வேலையைச் சேமித்து வைக்க அவை போதும். டைம்லைன் ஓட்டுவதற்கு ஏற்றவை அல்ல. அதற்கு சுழலும் டிஸ்க்தான் வேண்டுமென்றால் சி.எம்.ஆர். எனப்படும் பழைய முறையில் எழுதும் 3.5 அங்குல டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

சி.எம்.ஆர். ஆனாலும் ஓர் எல்லை உண்டு. மூன்று கேமராவின் காட்சியும் ஒரே நேரத்தில் ஓட நொடிக்கு 37.5 எம்.பி. போதும். சிறிய டிஸ்க்கே நொடிக்கு 120 எம்.பி. வரை தரும். கணக்குப்படி இழுக்கக் கூடாது, இருந்தும் இழுக்கிறது. காரணம், மூன்று ஃபைல்களும் தட்டின் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு தாவலுக்கும் ஹெட் நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து மில்லிநொடி ஆகும். பிளேஹெட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பவர் ஹெட்டை இடைவிடாமல் தாவ வைக்கிறார். தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை, தாவலின் காத்திருப்பு ஒரு மில்லிநொடிக்கும் மிகக் கீழே. ஆகவே எடிட் செய்யும் டிரைவ் எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் முடித்த வேலையை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலமாரியில் வைத்து மறந்துவிடக் கூடாது. அது காந்தத்தில் எழுதுவதில்லை. மிக நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கிறது. கரன்ட் இல்லாமல் கிடக்கும்போது அவை மெல்லக் கசியும். வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். சாதாரணப் பயனர்களுக்கான எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுளை முழுக்கத் தேய்த்தபின், 30 டிகிரி செல்சியஸில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறை வகுத்த தரம். அதிகம் தேயாத டிரைவ் இதைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். ஆனாலும் காஞ்சிபுரம் மாவட்டத்து மே மாதம் 30 டிகிரியோடு நிற்பதில்லை.

இனி நம்பிக்கை என்ற விஷயம். சுழலும் டிஸ்க் செய்யும் நிறுவனங்கள் உலகில் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா என்ற மூன்றுதான். எடிட்டர்கள் விரும்பும் லாசி பெட்டிக்குள்ளும் இருப்பது அதன் தாய் நிறுவனமான சீகேட்டின் டிஸ்க். பிராண்டைப் பற்றிய வாக்குவாதத்தில் பாதி இதிலேயே அடிபட்டுப் போகிறது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பத்தாண்டுக்கும் மேலாகத் தன் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன. அவையும் குளிரூட்டிய அறையில் அசையாமல் இருப்பவை. பைக்கில் போவதில்லை. முன்கூட்டியே தெரியுமா என்றால், 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தார்கள். பழுதானவற்றில் பாதிக்கும் மேல், டிஸ்க்கே காட்டும் முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் எதையும் காட்டாமலே போயிருந்தன.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஓராண்டில் ஒரு டிஸ்க் பழுதாக 1.5 சதவீத வாய்ப்பு என்று கொள்வோம். ஒரே பதிவு இரண்டு டிஸ்க்கில் இருந்தால் இரண்டும் அதே ஆண்டில் போக வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு சொச்சம். மூன்றில் இருந்தால் பத்து லட்சத்தில் மூன்று நான்கு. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒற்றை டிஸ்க்காக இந்த எண்ணை யாரும் விற்க முடியாது. சாதாரண டிஸ்க் மூன்றைப் பெருக்கினால் வருகிறது.

ஆனால் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் சாவு மற்றொன்றின் சாவைத் தொடக் கூடாது. மூன்றும் ஒரே பையில் இருந்தால் பை தொலைந்தால் மூன்றும் தொலைந்தன. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தால் ஒரே மின்னல் போதும். ஒரே வீட்டில் இருந்தால் ஒரே வெள்ளம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று இதை விதியாக வகுத்தார். வாலாஜாபாத்திலோ காஞ்சிபுரத்திலோ உறவுக்காரர் வீட்டுப் பரணில் ஒரு டிஸ்க் இருந்தால் அந்த 'வேறிடம்' நிறைவேறிவிடும்.

நம் சினிமா வரலாறு இதற்குக் கசப்பான சாட்சி. வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். ஒரு பிரதிகூட இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதுவும் இல்லை. ஆனால் திருவிதாங்கூரில் எடுத்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் மிஞ்சியது. 1933இல் வெளிவந்ததும் மூல நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பாளர் வழக்குத் தொடுக்க, படச்சுருள் பறிமுதலாகிப் புத்தகக் கடையில் போய்க் கிடந்தது. 1970களில் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கிருந்து அதை மீட்டது. படம் பிழைத்தது, வேறிடத்தில் கிடந்ததால்.

நகல் சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? ஃபைல் அளவைப் பார்த்தால் போதாது. செக்சம் என்ற கணக்கு இதற்காக இருக்கிறது. 45 ஜி.பி. ஃபைலின் ஒவ்வொரு பிட்டையும் அரைத்து, எஸ்.எச்.ஏ. 256 முறையில் 64 எழுத்துக் கைரேகை ஒன்றைத் தருகிறது. ஃபைலில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்தக் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கேமரா கார்டின் ரேகையும் நகலின் ரேகையும் ஒத்துப்போனால் மட்டும் கார்டை ஃபார்மேட் செய்யலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே கார்டை இப்படிச் சரிபார்த்து நகலெடுக்கும் குளோன் வசதி இருக்கிறது. எனக்குத் தெரிந்த காப்பீடுகளில் செலவில்லாதது இது ஒன்றுதான்.

வாங்கும்போது கவனிக்கச் சில சில்லறை விஷயங்கள். கேபிள் பழைய யு.எஸ்.பி. 2.0 ரகமானால், சிறிய டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் 810 ஜி.பி. காப்பி ஆறு மணி நேரம் இழுக்கும். சில பெட்டிகளில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். முனை உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட வழியில்லை. எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும், ஆனால் எழுதும் நடுவில் கரன்ட் போனால் கணக்கு குழம்பிப் பட்டியலே தொலையக்கூடும். அடாப்டரில் ஓடும் டிஸ்க்குக்கு யு.பி.எஸ். அவசியம். நம்ப முடியாத மலிவில் ஆன்லைனில் வரும் '16 டி.பி.' எஸ்.எஸ்.டி.கள் பலவற்றில் சில ஜி.பி. நினைவகம்தான் உண்மையில் இருக்கும். மீதியைக் கணினிக்குப் பொய்யாகச் சொல்லும். புது டிரைவ் எதுவானாலும் ஒருமுறை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்த்தபிறகே வேலைக்கு எடுக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தை ஒரு விலையுயர்ந்த டிரைவில் கொட்டாமல், எடிட் செய்ய ஓர் எஸ்.எஸ்.டி., சேமிக்க இரண்டு சாதாரண சுழலும் டிஸ்க் என்று பிரிப்பேன். எஸ்.எஸ்.டி.யில் இருப்பதை, இரண்டு டிஸ்க்கிலும் ரேகை ஒத்துப்போன பிறகும், வாடிக்கையாளர் கைக்கு அவர் நகல் போய்ச் சேரும் வரை அழிக்க மாட்டேன். அதன்பின் அவர் நகலே மூன்றாவது. சேமித்த டிஸ்க்குகளை ஆண்டுக்கு ஒருமுறை ஓடவிட்டு ரேகையைச் சரிபார்ப்பது, ஐந்தாறு ஆண்டில் எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றுவது, மாற்றியபின் பழையதைத் தூக்கி எறியாமல் கூடுதல் நகலாக வேறு வீட்டில் வைப்பது. டிஸ்க்கின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கு தவறாது.